கணினி கேள்வி - பதில்: வைரஸும் உளவு மென்பொருளும் வீட்டுக்குள் வரும் வழிகள்

வைரஸ், உளவு மென்பொருள் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. விண்டோஸ் இயங்கும் வீட்டுக் கணினிகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: என் மேசைக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. கணினியுடன் வரும் டிஃபெண்டர் போதாது, ஆண்டுச் சந்தா கட்டி ஓர் ஆன்ட்டிவைரஸ் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். மின் கட்டணம் கட்டவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பேரப் பிள்ளைகளுடன் வீடியோவில் பேசவும் மட்டுமே கணினியைப் பயன்படுத்துகிறேன். வாங்கத்தான் வேண்டுமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: வாங்க வேண்டியதில்லை. டிஃபெண்டர் தொடக்கத்தில் உளவு மென்பொருளை மட்டும் பிடிக்கும் எளிய கருவியாகத்தான் இருந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல்தான் அது முழுமையான ஆன்ட்டிவைரஸாக மாறியது. அப்போதும் சில ஆண்டுகள் ஆய்வகச் சோதனைகளில் பின்தங்கியே இருந்ததால், 'அது போதாது' என்ற பேச்சு கடைகளில் நிலைத்துவிட்டது. இன்றைய நிலைமை வேறு. ஆன்ட்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் வழங்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில், கட்டண மென்பொருள்களுக்கு இணையாக டிஃபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளை ஏற்கெனவே வாங்கியவர்கள் சந்தா முடியும் வரை அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் முழுமையாக இயங்க விட்டால் ஒன்று மற்றொன்றின் வேலையைத் தடுக்கும், கணினியும் மெதுவாகிவிடும். கணினி வாங்கும்போதே இலவசமாக வந்து, சந்தா முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கும் ஆன்ட்டிவைரஸ் ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். நீக்கியதும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

உங்கள் கணினியின் உண்மையான குறை ஆன்ட்டிவைரஸ் அன்று. விண்டோஸ் 10-இன் வயது. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான பதிவு வசதி இருக்கிறது. அதற்கிடையில் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ 2018-க்கு முன் வந்த இன்டெல் செயலிகள் உள்ள கணினிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று நீங்கள் கேட்கலாம். 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வான்னாக்ரை என்ற வைரஸ், யாரும் எதையும் திறக்காமலேயே, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. அதை நிறுவிக்கொண்ட கணினிகளுக்குள் வான்னாக்ரையால் அந்த வழியாக நுழைய முடியவில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவைத்தவையும், அப்டேட் கிடைக்காத பழைய கணினிகளும்தான் சிக்கின.

காசில்லாமல் செய்யக்கூடிய இன்னொரு காரியமும் இருக்கிறது. அன்றாட வேலைக்கென்று அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பேரப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அதிலேயே கணினியைப் பயன்படுத்துங்கள். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் எந்த மென்பொருளும் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைக் கேட்டே தீரும் என்பதால், பிள்ளைகள் எதையாவது தட்டி எதையாவது நிறுவிவிடும் ஆபத்து பெருமளவு குறையும்.

கேள்வி: 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன' என்ற அறிவிப்பு திரையின் வலது கீழ் மூலையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. டிஃபெண்டரில் முழு ஸ்கேன் செய்தும் எதுவும் அகப்படவில்லை. ஃபார்மேட் செய்ய வேண்டுமா?
- இல்லத்தரசி, கரூர்

பதில்: ஃபார்மேட் செய்ய வேண்டாம், டிஃபெண்டர் சொல்வதுதான் சரி. சினிமாவோ சீரியலோ பார்க்கச் சென்ற ஏதோ ஓர் இணையதளம் 'தொடர அனுமதி அளியுங்கள்' என்று கேட்டபோது 'அலோ' என்பதை அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு, தளம் உலாவி வழியாக அனுப்பும் விளம்பரங்கள்தாம் இவை. குரோம் உலாவியின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் உங்களுக்குத் தெரியாதவற்றையெல்லாம் நீக்கிவிட்டால் அறிவிப்புகள் உடனே நின்றுவிடும். அப்படியே எக்ஸ்டென்ஷன்கள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) பட்டியலையும் பார்த்து, நீங்கள் சேர்த்ததாக நினைவில்லாத எதையும் அகற்றுங்கள்.

இதன் முற்றிய வடிவம் ஒன்று உண்டு. திரை முழுவதும் சிவப்பாக மாறி, அபாய ஒலி எழுப்பி, 'மைக்ரோசாஃப்ட் உதவி மையம்' என்று ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். அந்த எண்ணை அழைத்தால், எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லி, உங்கள் கண் முன்னாலேயே வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடிவிடலாம். பணம் போய்விட்டது என்றால், தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதற்கு முன் அதை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பிராஜக்ட் அறிக்கையை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோனேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. உள்ளே இருந்தவை அழிந்துவிட்டனவா?
- கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. இந்த வகை வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே உருவத்தில் ஷார்ட்கட்டுகளை உருவாக்குகிறது. அதைச் சொடுக்கும்போது உங்கள் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் சேர்ந்து இயங்கும். எனவே எந்த ஷார்ட்கட்டையும் சொடுக்காதீர்கள். முதலில் பென் டிரைவை டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, அதற்குக் கீழே இருக்கும் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் கோப்புகளை மறை' என்ற குறியையும் எடுத்துவிடுங்கள்; இந்த இரண்டாவது குறியைப் பலரும் விட்டுவிடுவதால்தான் 'ஒன்றுமே தெரியவில்லை' என்கிறார்கள். ஃபோல்டர்கள் மங்கலான நிறத்தில் தெரியும். தேவையான ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

செருகியவுடனே தானாக இயங்கும் 'ஆட்டோரன்' வசதியைப் பயன்படுத்திப் பென் டிரைவ் வழியாகவும் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் 2008-இல் தோன்றியது. பென் டிரைவுகளுக்கு அந்த வசதியை விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பழைய பதிப்புகளுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் நிறுத்தியது. ஷார்ட்கட் வைரஸ் அதற்குப் பிறகான உத்தி: தானாக இயங்க வழியில்லாததால், உங்கள் விரலாலேயே தன்னை இயக்க வைக்கிறது. அடுத்த முறை அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கிக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். பென் டிரைவ்தான் வேண்டும் என்றால், அச்செடுக்க வேண்டிய ஒரே ஒரு கோப்பை மட்டும் வைத்து எடுத்துச் செல்லுங்கள். நாள் முழுவதும் நூறு பேருடைய பென் டிரைவைச் செருகும் கணினியை அந்தக் கடைக்காரரால் சுத்தமாக வைத்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன், விலை கொடுத்து வாங்க வேண்டிய வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை இறக்கி நிறுவியிருக்கிறான். நிறுவும்போது ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொன்னதாம், அணைத்திருக்கிறான். 'கிராக் என்றாலே ஆன்ட்டிவைரஸ் தவறாகக் கத்தும், அது வைரஸ் இல்லை' என்கிறான். மென்பொருள் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நான் கவலைப்பட வேண்டுமா?
- தந்தை, மதுரை

பதில்: கவலைப்பட வேண்டும். மகன் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. உரிமச் சோதனையை உடைக்கும் நிரல்களை, அவை வேறு கெடுதல் செய்யாவிட்டாலும், ஆன்ட்டிவைரஸ்கள் பிடிப்பது உண்டு. அந்த உண்மையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டுதான் உளவு மென்பொருளைப் பரப்புகிறவர்கள் வேலை செய்கிறார்கள்: கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாகக் கொடுப்பார்கள், ஸ்கேனர்களால் உள்ளே பார்க்க முடியாது, ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், பயனரே அணைத்துக் கொடுப்பார். மென்பொருள் நன்றாக வேலை செய்வது எதற்கும் சான்று ஆகாது. நன்றாக வேலை செய்தால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பழைய வைரஸ்கள் கணினியை மெதுவாக்கும், கோப்புகளைக் கெடுக்கும், ஏதாவது ஒரு விதத்தில் தம்மைக் காட்டிக்கொள்ளும். கிராக்குடன் இப்போது அதிகம் வரும் 'இன்ஃபோஸ்டீலர்' வகை அப்படியன்று. இயங்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், கார்டு விவரங்கள், நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கீகள் ஆகியவற்றைத் திரட்டி அனுப்பிவிடும். சில வகைகள் வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். குக்கீ கையில் கிடைத்துவிட்டால், பல தளங்களில் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். ஏற்கெனவே உள்ளே இருப்பவராகவே தளம் அந்தத் திருடனை நினைத்துக்கொள்ளும். லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரின் கட்டமைப்பைப் பல நாட்டுக் காவல் அமைப்புகளுடன் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

என்ன செய்வது? வரிசை முக்கியம். முதலில் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அடுத்து, வேறொரு கணினியிலோ உங்கள் கைப்பேசியிலோ மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்கும் வழி மின்னஞ்சல் என்பதால் அதுவே முதலில் வர வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காமல், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கட்டாயம் அழுத்த வேண்டும்; அப்போதுதான் திருடப்பட்ட குக்கீகள் செல்லாமல் போகும். பிறகு வங்கி, பிறகு சமூக வலைத்தளங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலையும் பாருங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து இவற்றைச் செய்தால், புதிய கடவுச்சொற்களையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவீர்கள்.

இதன் பிறகே கணினிக்கு வர வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஃபோல்டர்களை டிஃபெண்டர் திரும்பியே பார்க்காது. கிராக்குகள் தாங்கள் இருக்கும் இடத்தை ஓசையில்லாமல் இதில் சேர்த்துவிடுவது வழக்கம் என்பதால், அங்கே உள்ளவற்றை நீக்கிவிட்டு, 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே ஏறத்தாழ 15 நிமிடங்கள் நடைபெறும் இந்தச் சோதனையில், இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களும் அகப்பட வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஒரு நிரலை இயக்கிய கணினியில், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நாங்கள் வங்கி வேலை செய்ய மாட்டோம். பாடக் குறிப்புகளையும் படங்களையும் தனியே எடுத்துக்கொண்டு, 'ரீசெட் திஸ் பிசி' மூலம் எல்லாவற்றையும் நீக்கி விண்டோஸை மீண்டும் நிறுவுவதே எங்கள் பரிந்துரை.

மகனின் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. வீடியோ எடிட்டிங்கிற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, படங்களுக்கு ஜிம்ப், ஓவியத்துக்குக் கிருத்தா, அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ் ஆகியவை அவற்றின் சொந்தத் தளங்களிலேயே கிடைக்கின்றன. (கட்டண ஆன்ட்டிவைரஸின் கிராக் பதிப்பை எங்கே இறக்கலாம் என்று கேட்டும் ஒரு கடிதம் வந்திருந்தது. அந்த வாசகரும் இந்தப் பதிலைப் படிப்பார் என்று நம்புகிறோம்.)

கேள்வி: ஒரு தளத்தில் 'நான் ரோபோ அல்ல' என்பதை அழுத்தியதும், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, பிறகு கண்ட்ரோல்-வி, பிறகு என்டர் அழுத்தும்படி சொல்கிறது. இது புதிய சோதனை முறையா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். நீங்கள் பெட்டியைச் சொடுக்கிய நொடியிலேயே அந்தத் தளம் ஒரு கட்டளையை, நகலெடுத்தவை தங்கும் இடமான உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிடுகிறது. விண்டோஸ்-ஆர் என்பது கட்டளைகளை இயக்கும் பெட்டியைத் திறக்கும். அதில் ஒட்டி என்டர் அழுத்தினால், மேலே சொன்ன இன்ஃபோஸ்டீலரை நீங்களே இறக்கி இயக்கியதாகிவிடும். லும்மா பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. உண்மையான சோதனை எதுவும் உலாவிக்கு வெளியே உங்களை எந்த விசையையும் அழுத்தச் சொல்லாது. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள், மதுரை வாசகருக்குச் சொன்ன வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: நெட் பேங்கிங்கில் திரையில் வரும் விசைப்பலகையைப் பயன்படுத்தினால் உளவு மென்பொருளிடமிருந்து தப்பிக்கலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: விசைகளை மட்டும் பதிவு செய்யும் கீலாக்கரிடமிருந்து தப்பலாம். திரையையே படம் பிடிப்பவையும், உலாவிக்குள் அமர்ந்து படிவங்களை வாசிப்பவையும் இருக்கின்றன; அவற்றிடம் இது செல்லாது.

கேள்வி: திருமணப் படங்கள், குழந்தையின் படங்கள் என எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை. டாலரில் பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. யூடியூபில் 'மீட்கும் மென்பொருள்' ஒன்றைக் காட்டுகிறார்கள். முயன்று பார்க்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த யூடியூப் மென்பொருளைத் தொடாதீர்கள். நீங்கள் விவரிக்கும் அடையாளங்கள், வீட்டுக் கணினிகளைக் குறிவைத்துப் பெரும்பாலும் கிராக்குகள் வழியாகப் பரவும் ஸ்டாப் ஜாவு என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) குடும்பத்தை நினைவூட்டுகின்றன. அதற்கான மீட்புக் கருவி என்று சொல்லிக்கொண்டு 2020-இல் உலவிய ஒரு நிரல் உண்மையில் ஜோராப் என்ற இன்னொரு ரான்சம்வேர். ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகளின் மேல் அது இரண்டாவது பூட்டையும் போட்டது.

கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குச் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, சில பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 2016-இல் தொடங்கிய இலவசச் சேவை அது. பணம் கேட்கும் குறிப்பையும், பூட்டப்பட்ட ஓரிரு சிறு கோப்புகளையும் பதிவேற்றினால், எந்த வகை ரான்சம்வேர் என்பதையும், திறக்கும் கருவி இருக்கிறதா என்பதையும் தெரிவிக்கும். அந்தரங்கமான படங்களைப் பதிவேற்ற வேண்டாம். ஸ்டாப் ஜாவுவின் பழைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவசக் கருவி வெளியிட்டது. பின்னர் வந்த வகைகளில், பூட்டும் நேரத்தில் கணினி இணையத்தில் இல்லாமல் இருந்திருந்தால் பொதுச் சாவி ஒன்றைக் கொண்டு பூட்டியிருக்கும். அவற்றில் சிலவற்றைத் திறக்க முடியும். இணையத்தில் இருந்தபோது பூட்டப்பட்டவை ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி கொண்டவை என்பதால், தற்போதைக்கு வழி இல்லாமல் போகலாம். அப்படியானாலும் கோப்புகளை அழிக்காமல் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். குற்றவாளிகள் பிடிபட்டுச் சாவிகள் வெளியான பிறகு கோப்புகள் மீண்ட நிகழ்வுகள் உண்டு. பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரும் பதிவு செய்யுங்கள்.

இனி எடுக்கும் படங்களுக்கு, ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும் என்பதால், கழற்றுவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. கணினியுடன் ஒத்திசைக்கும் கூகுள் டிரைவில் பூட்டப்பட்ட கோப்பே மேலேறினாலும், பழைய பதிப்பு 30 நாட்கள் வரை அங்கே இருக்கும். அதற்குள் கவனித்துவிட்டால் மீட்கலாம். டிஃபெண்டரில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதி உண்டு. தெரியாத நிரல்கள் படங்கள், ஆவணங்கள் ஃபோல்டர்களில் கை வைப்பதை அது தடுக்கும். விண்டோஸில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதியில் இயக்கிக்கொள்ளலாம். நல்ல மென்பொருள்கள் சிலவற்றையும் அது முதலில் தடுக்கும்; அவற்றுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறினால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காது என்கிறார்களே?
- வாசகர், புதுச்சேரி

பதில்: பெருமளவு குறையும் என்பது உண்மை. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கிராக்கும் ஷார்ட்கட் வைரஸும் அதில் இயங்குவதில்லை. மென்பொருள்களையும் பெரும்பாலும் லினக்ஸ் வெளியீட்டாளரின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுகிறோம். விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியில் இணையமும் வீடியோ அழைப்பும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை நல்ல தேர்வு. தென்காசி வாசகரும் இதை யோசிக்கலாம். ஆனால் போலி வங்கித் தளமும், தீய எக்ஸ்டென்ஷனும், தொலைபேசியில் மிரட்டுகிறவர்களும் உலாவி வழியாக வருபவர்கள் என்பதால் அங்கேயும் வருவார்கள். கணக்கு எழுதும் டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள்களும், சில பிரின்டர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் அதில் தகராறு செய்யக்கூடும். எனவே நிறுவுவதற்கு முன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் மின்டைத் தொடங்கி, உங்கள் பிரின்டர், வைஃபை, வெப் கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலை சோதித்துப் பாருங்கள். அதுவரை ஹார்டு டிஸ்கில் உள்ள விண்டோஸ் அப்படியே இருக்கும்.